டெக்சாஸ் இளைஞர் ஆணையம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குற்றம் புரிந்ததாக நீதிமன்றம் முடிவுசெய்த சிறார்களைக் காவலில் வைத்துப் பராமரித்த அரசு அமைப்பு. 1949இல் இளைஞர் மேம்பாட்டுக் குழுவாகத் தொடங்கியது. 1957இல் இளைஞர் மன்றம் என்றும், 1983இல் இளைஞர் ஆணையம் என்றும் பெயர் மாறியது. 2011 டிசம்பர் 1 அன்று கலைக்கப்பட்டது. சட்டமன்றம் இதை உருவாக்கியது, நிதி கொடுத்தது, விசாரித்தது, இறுதியில் கலைத்தது. ஆனால் உள்ளே இருந்த பிள்ளைகளின் குரல் சட்டமன்றத்தை எட்டியபோதெல்லாம் பெரும்பாலும் வெளியார் ஒருவர் வழியாகவே எட்டியது.

மாநிலத்தின் முதல் சிறார் சீர்திருத்த நிலையம் 1889இல் கேட்ஸ்வில் ஊரில் திறக்கப்பட்டது. பெரியவர்களோடு சிறையில் இருந்த சிறுவர்கள் அங்கே மாற்றப்பட்டனர். தென் மாநிலங்களில் இதுவே முதலாவது என்று சில நூல்கள் கூறுகின்றன. சிறுமிகளுக்கான பள்ளி 1916இல் கெயின்ஸ்வில்லில் வந்தது. கறுப்பினச் சிறுமிகளுக்கென ஒரு பள்ளி அமைக்க 1927இலேயே சட்டம் இயற்றப்பட்டும், அதற்கான பணம் ஒதுக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1947இல் அது திறக்கப்பட்ட இடம், பிரேடி ஊரில் போர்க் கைதிகளை அடைத்திருந்த பழைய முகாம்.

1971இல் எல் பாசோ நகர வழக்கறிஞர் ஒருவர், காவலில் இருந்த தம் கட்சிக்காரர்களைத் தனியே சந்திக்க அனுமதி கேட்டார். நிர்வாகம் மறுத்தது. இதிலிருந்து கிளைத்ததே 'மொராலஸ் எதிர் டர்மன்' வழக்கு. டர்மன் இளைஞர் மன்றத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர். கூட்டாட்சி நீதிபதி வில்லியம் வேன் ஜஸ்டிஸ், காவலில் இருந்த சிறார்களிடம் நேரில் கேட்டறிய ஏற்பாடு செய்தார். சிறார்களுக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்திருந்தும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வழக்கறிஞர் இன்றியே அனுப்பப்பட்டிருந்தது அப்போது தெரிந்தது.

1974இல் வந்த தீர்ப்பு அன்றாடத் தண்டனைகளை விரிவாகப் பதிவு செய்கிறது. பயிரிடும் நோக்கமே இல்லாத நிலத்தில், முழங்காலை மடக்காமல் குனிந்து மணிக்கணக்கில் புல் பிடுங்க வேண்டும். ஓரிடத்து மண்ணை மண்வாரியால் அள்ளி இன்னோரிடத்தில் கொட்டி, திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். ஸ்பானிய மொழி பேசத் தடை இருந்தது. கண்ணீர்ப்புகை பயன்படுத்தப்பட்டது. கேட்ஸ்வில் நிலையத்தையும் மவுண்டன் வியூ என்ற இன்னொரு நிலையத்தையும் மூடும்படி நீதிபதி ஆணையிட்டார். மேல்முறையீடுகள் நீண்டன, 1984இல்தான் சமரசம் எட்டப்பட்டது. ஆயினும் அதற்கு முன்பே, 1970களில், அவ்விரு நிலையங்களும் சிறார் காவல் இல்லங்களாக இயங்குவதை நிறுத்தியிருந்தன.

1990களில் தண்டனைச் சட்டங்கள் கடுமையாயின, காவலிடங்கள் பெருகின.

ஆணையத்தின் வரலாற்றில் அதிகம் எழுதப்பட்ட பகுதி மேற்கு டெக்சாஸ் மாநிலப் பள்ளியைப் பற்றியது. பெக்கோஸ் ஆற்றுப் பக்கத்து வறண்ட சமவெளியில், பயோட் என்ற சிற்றூரில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்றின் நிலத்தில் அது இருந்தது. கிலுகிலுப்பைப் பாம்புத் தளம் என்று வீரர்கள் அழைத்த அந்த இடத்தில்தான், ஹிரோஷிமாவில் குண்டு வீசிய எனோலா கே விமானமும் 1950களின் தொடக்கத்தில் சிறிது காலம் நிறுத்தப்பட்டிருந்தது.

2005 பிப்ரவரியில், கணிதம் சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலர் ஒருவரிடம் மாணவர்கள் வாய் திறந்தனர். துணைக் கண்காணிப்பாளரும் பள்ளி முதல்வரும் தங்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவதாகக் கூறினர். அவர் மாநிலக் காவல் பிரிவான டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குத் தகவல் கொடுத்தார். விசாரணை நடந்தது, இருவரும் பதவி விலகினர், வழக்கு மட்டும் இரண்டாண்டு நகரவில்லை. தாமதம் யாரால் என்பதில் உள்ளூர் வழக்குத் தொடுநர், கூட்டாட்சி அலுவலர்கள், ஆணையம் ஆகிய மூன்று தரப்பையும் குறைகூறுவோர் உண்டு. பிள்ளைகள் அதுவரை ஏன் பேசவில்லை என்பதற்கு அமைப்பின் விதியிலேயே ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலோரின் காவலுக்கு முடிவுத் தேதி கிடையாது. நடத்தை சரியில்லை என்று பணியாளர் எழுதினால் விடுதலை தள்ளிப்போகும். யார் மீது புகார் செய்யவேண்டுமோ அவர்களிடமே அந்த அதிகாரம் இருந்தது.

2007 பிப்ரவரியில் 'டெக்சாஸ் அப்சர்வர்' இதழும் 'டல்லாஸ் மார்னிங் நியூஸ்' நாளிதழும் செய்தியை வெளியிட்டன. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள், வழக்கமான கூட்டத்தொடர் நடத்தும். செய்தி வந்தபோது கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. மேலவை உறுப்பினர் ஜான் விட்மையர், கீழவை உறுப்பினர் ஜெரி மேடன் ஆகியோர் தலைமையில் கூட்டுக் குழு அமைந்தது. பயோட்டில் விசாரித்த ரேஞ்சர் சாட்சியம் அளித்தார். ஆணையத்தின் வாரியம் முழுவதும் விலகியது. ஆளுநர் ரிக் பெரி சிறப்பு நிர்வாகி ஒருவரை நியமித்தார்.

அவ்வாண்டு நிறைவேறிய மேலவை மசோதா 103, சிறு குற்றங்களுக்காகச் சிறார்களை ஆணையத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. காவலின் உச்ச வயதை 21இலிருந்து 19ஆகக் குறைத்தது. தன்னுரிமையுள்ள குறைதீர்ப்பாளரையும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தையும் ஏற்படுத்தியது. காவலர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பெற்றோருக்கான உரிமைப் பட்டியலும் இதில் இடம்பெற்றது. தொலைவில் இருந்த குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமாக இருந்திருக்காது. அதே ஆண்டில், மிளகுத் தெளிப்பானை எளிதாகப் பயன்படுத்த வகைசெய்த உத்தரவு ஒன்று வழக்குக்குப் பின் கைவிடப்பட்டது. பயோட் துணைக் கண்காணிப்பாளர் பின்னர் தண்டிக்கப்பட்டார், பள்ளி முதல்வர் விடுவிக்கப்பட்டார். பயோட் பள்ளி 2010இல் மூடப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் காவலில் இருந்தோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலன் என்று கூட்டுக் குழு உறுப்பினர்கள் கருதினர். அமெரிக்கா முழுவதும் சிறார் கைதுகள் குறைந்துவந்ததையும், மாவட்ட நன்னடத்தைத் துறைகளுக்குப் போன கூடுதல் நிதியையும் சுட்டுவோரும் உள்ளனர்.

2011இல் ஆணையம், மாநிலச் சிறார் நன்னடத்தை ஆணையத்தோடு இணைக்கப்பட்டு டெக்சாஸ் சிறார் நீதித் துறையானது. புதிய துறையில் ஆள் பற்றாக்குறை நீடித்தது. 2022இல் புதியவர்களைச் சேர்ப்பது சில காலம் நிறுத்தப்பட்டது. எஞ்சிய 5 காவல் இல்லங்களிலும் சிறார்களின் அரசியலமைப்பு உரிமைகள் மீறப்படுவதாக அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2024 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், நீண்ட தனிமைச் சிறை, பாலியல் அத்துமீறலிலிருந்து பாதுகாப்பின்மை ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டுள்ளன.