கேரியர் போன கதை
வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கம் வாழைக்குலை ஏத்தின பழைய அம்பாசடரை நினைச்சுப் பாருங்க. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்ட் வடிவம் அது. கூரையின் ரெண்டு ஓரத்திலும் மழைத்தண்ணி வடிய ஒரு விளிம்பு இருக்கும். கேரியர் கொக்கியை அதில் மாட்டி முறுக்கினா போதும், ஓட்டையே வேண்டாம். பாரம் கூரைத் தகட்டில் உக்காராது, விளிம்பு வழியா தூண்களுக்கு இறங்கிடும். எந்தப் பட்டறையிலும் அடிச்சுக் கொடுப்பாங்க.

காத்தைக் கிழிச்சு ஓடணும்னு பின்னால வந்த கார்களில் அந்த விளிம்பு மறைஞ்சது. 2014இல் அம்பாசடரும் நின்னுபோச்சு.

இப்போ எஸ்யூவி மேல நீளமா ரூஃப் ரெயில் இருக்கே, குறுக்குக் கம்பி மாட்டிடலாம்னு தோணும். ஆனா சில வண்டிகளில் அது வெறும் அழகுக்குத்தான்! வாங்குறதுக்கு முன்னாடி கையேட்டைப் பாருங்க. அதில் சொல்ற கிலோவில் பெரும்பாலும் கம்பியின் எடையும் சேர்த்தி.