கெட்டில் மூடியும் கிளாண்ட் கயிறும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நான் உங்களுக்கு நடத்திய ஒரு பாடத்தில் பெரிய ஓட்டை இருந்திருக்கிறது. அதை இப்போதாவது அடைத்துவிடலாம் என்று எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் இப்போது படகு பழுதுபார்க்கும் வேலை செய்கிறார். போன மாதம் போனில் பேசினார். "சார், பழைய மோட்டார் படகு ஒண்ணு வந்திருக்கு. கரையில கட்டிக் கிடந்தா உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கடலுக்குப் போனா அடியில நிறைஞ்சிடுது. புரொப்பல்லர் கிளாண்டை ரெண்டு தடவை மாத்தியாச்சு, தீரல" என்றார். கடைசியாக அந்தப் படகில் ஆறு பேர் போயிருக்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் பம்ப் நிற்காமல் ஓடியதால் கரை சேர்ந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "கண்டுபிடிச்சிட்டேன் சார். தண்ணி வந்தது சுக்கான் தண்டு வழியா. அதுக்கும் ஒரு கிளாண்ட் இருக்கு, யாரும் பார்க்கவே இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "இந்தக் கிளாண்டை யார் சார் முதல்ல கண்டுபிடிச்சது?"

எனக்குத் தெரியவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்பா" என்றேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

படகு பார்க்காதவர்களும் கிளாண்ட் பார்த்திருப்பீர்கள். தோட்டத்து பம்ப்செட்டில் மோட்டார் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கயிறு திணித்து, மேலே நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். "கிளாண்ட் ஒழுகுது, கயிறு மாத்தணும்" என்பார்கள். அதுதான். தண்டு சுழல வேண்டும், ஆனால் அதைச் சுற்றித் தண்ணீர் கசியக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்த வழி இது. ஆங்கிலேயர் இதை ஸ்டஃபிங் பாக்ஸ், அதாவது திணிக்கும் பெட்டி என்றார்கள்.

இதற்கான பெருமையை இங்கிலாந்தின் சர் சாமுவேல் மார்லண்டுக்குக் கொடுக்கிறார்கள். தூதராக இருந்தவர், கணக்கிலும் இயந்திரத்திலும் பித்து. 1675இல் தண்ணீர் இறைக்கும் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பம்பின் குழாய்க்குள் தோல் சுற்றிய பிஸ்டன் ஏறி இறங்கும். குழாயின் உட்புறம் முழுவதும் வழுவழுப்பாக இருந்தால்தான் அது ஒழுகாது. அந்தக் காலத்தில் நீளமான குழாயை உள்ளே ஒரே சீராகக் குடைவது பெரும்பாடு. ஒரு தண்டின் வெளிப்புறத்தை வழுவழுப்பாக்குவது எவ்வளவோ எளிது. மார்லண்ட் தண்டைப் பளபளப்பாக்கி, அது உள்ளே நுழையும் வாயில் மட்டும் அடைப்பை வைத்தார். அவ்வளவுதான் தந்திரம்.

இனி நான் நடத்திய பாடத்துக்கு வருகிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரம் கண்டுபிடித்தார் என்று எத்தனை வருடம் உங்களிடம் சொல்லியிருப்பேன்! கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதை. நியூகோமனின் நீராவி இயந்திரம் 1712லேயே இங்கிலாந்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் பிறந்ததே 1736இல்தான்.

வாட் செய்த பெரிய வேலை வேறு. நியூகோமன் இயந்திரத்தில் நீராவியைக் குளிர்விக்கும்போது சிலிண்டரும் சேர்ந்து குளிர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பச் சூடாக்கவே நிலக்கரி தீர்ந்தது. நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர்விக்கலாம் என்று 1765இல் வாட்டுக்குத் தோன்றியது. 1769இல் காப்புரிமை பெற்றார். ஆனால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டுமானால், திறந்து கிடந்த அதன் மேல்வாயை மூட வேண்டும். மூடினால் பிஸ்டன் தண்டு எப்படி ஏறி இறங்கும்? அங்கேதான் அந்தத் திணிக்கும் பெட்டி கைகொடுத்தது. மூடியில் ஒரு துளை, துளையைச் சுற்றிக் கொழுப்பு ஊறிய நார். கெட்டில் மூடியைப் பற்றி அவ்வளவு பேசிய நான், இந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்து கப்பல். பாய்மரக் கப்பலில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுழலும் தண்டு எதுவும் கிடையாது. சுக்கான் கப்பலின் பின்பக்கம் வெளியே தொங்கும். அதன் தலை உள்ளே நுழையும் துளை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும். அலை அடித்து உள்ளே வராமல் இருக்கத் தார் பூசிய கித்தான் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். நம் கட்டுமரத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. வெறும் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் நிறைய உள்ளே இடமே கிடையாது.

புரொப்பல்லர் வந்ததும் நிலைமை மாறியது. இயந்திரம் உள்ளே, புரொப்பல்லர் வெளியே. நடுவில் கப்பலின் உடம்பையே துளைத்துத் தண்டு போக வேண்டும், அதுவும் தண்ணீருக்கு அடியில். 1855 டிசம்பரில் பிரிட்டனின் 'ராயல் ஆல்பர்ட்' என்ற 121 பீரங்கிப் போர்க்கப்பலில் இந்தப் பின்பக்கக் கிளாண்ட் விட்டுப்போனது. மூழ்காமல் காப்பாற்ற கிரேக்கத் தீவு ஒன்றின் கரையில் கப்பலை வேண்டுமென்றே தரைதட்டவிட்டார்கள்.

பிறகு மோட்டார் படகுகள் வந்தன. பலவற்றில் சுக்கானும் படகின் அடியில், புரொப்பல்லருக்குப் பின்னால் போய்விட்டது. அதனால் சுக்கான் தண்டும் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதற்கும் ஒரு கிளாண்ட் தேவைப்பட்டது. ('சுக்கான்' என்ற சொல்லே அரபியிலிருந்து கடல் வழியாக நமக்கு வந்ததுதான்.)

என் மாணவரின் படகு கரையில் ஏன் ஒழுகவில்லை? பல படகுகளில் சுக்கான் கிளாண்ட் தண்ணீர் மட்டத்தை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். கட்டிக் கிடக்கும்போது தண்ணீர் எட்டாது. வேகம் எடுத்ததும் படகின் பின்பக்கம் தாழும், கிளாண்ட் தண்ணீருக்குள் போய்விடும். ஆள் உள்ளே இறங்கிப் பார்க்கும்போது ஒழுகாது. ஒழுகும்போது ஆள் பார்ப்பதில்லை.

அவர் பழுது பார்த்த விதத்தையும் சொல்லச் சொன்னேன். நட்டைக் கழற்றிப் பழைய கயிற்றைக் கொக்கியால் ஒரு துணுக்கு விடாமல் எடுத்தார். அது காய்ந்து கட்டையாக இருந்ததாம். தண்டில் தேய்ந்த பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். புதுக் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றித் திணிக்கவில்லை. தண்டின் சுற்றளவுக்குத் தனித்தனி வளையமாக வெட்டி, கிரீஸ் தடவி, ஒரு வளையத்தின் வெட்டுவாய் அடுத்ததன் வெட்டுவாய்க்கு நேராக வராதபடி திருப்பி வைத்தார். நட்டை அளவாக இறுக்கி, சுக்கான் இரண்டு பக்கமும் லேசாகத் திரும்புகிறதா என்று பார்த்தார். கடலுக்கு ஒருமுறை போய்வந்து மறுபடியும் சரிபார்த்தார்.

ஒரு வித்தியாசம் கவனியுங்கள். கயிறு திணித்த புரொப்பல்லர் கிளாண்ட் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. ஒரேயடியாக இறுக்கினால் கயிறு கருகும், தண்டும் தேயும். சுக்கான் தண்டு மெதுவாக, கொஞ்சமே திரும்புவது. அங்கே சூடு கிடையாது, எனவே சொட்டும் விழக் கூடாது.

படகிலும் பம்ப்செட்டிலும் வேலை செய்யும் என் மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். படகு ஓடும்போது ஒருமுறை டார்ச் அடித்துச் சுக்கான் கிளாண்டைப் பாருங்கள். மிகப் பழைய கிளாண்ட் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை நனைத்து, முகக்கவசம் போட்டு எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று. வாட் பாடம் நடத்தும்போது கெட்டில் கதையை விட்டுவிடுங்கள். பிள்ளைகளை ஒரு பம்ப்செட் பக்கம் கூட்டிப்போய்க் கிளாண்டைக் காட்டுங்கள். நான் காட்டியிருக்கலாம். பள்ளிக்குப் பின்னால் இருந்த தோட்டத்திலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

நலமுடன் இருங்கள்.
அன்புடன்,
உங்கள் ஆசிரியர்