பிரட்டும் விரட்டும்: தோட்டத்து ஆங்கிலம் தேடிக்கொண்ட எதுகை

ஆங்கிலத்தில் 'பட்டர்' என்பதும் 'லெட்டர்' என்பதும் ஒலி இயைந்த சொற்கள் ஆகா. அழுத்தம் விழும் உயிரொலியும் அதற்குப் பின்வரும் ஓசை முழுவதும் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர்களது விதி. இவ்விரு சொற்களிலும் உயிரொலி வேறுபடுகிறது. தமிழ்க் காதுக்கோ இரண்டும் பழுதற்ற எதுகை. முதலெழுத்துகள் இரண்டும் குறில், இரண்டாம் எழுத்து ஒன்றே. வேறென்ன வேண்டும்? மாறாக, 'பரேட்' என்ற சொல்லுக்கு 'ஷேட்', 'பெய்ட்' என்று ஆங்கிலேயன் அடுக்கினால் நம் யாப்பு அவற்றை எதுகை என்று ஏற்காது. அவன் சொல்லின் வாலைப் பார்க்கிறான்; நாம் தலையைப் பார்க்கிறோம். அடி இறுதியில் வரும் இயைபு நமக்கும் உண்டுதான். ஆனால் பாட்டைத் தாங்கி நிற்பவை எதுகையும் மோனையுமே.

ஜான் வாக்கர் என்பவர் 1775இல் ஆங்கிலச் சொற்களை ஈற்றெழுத்து வரிசையில் அடுக்கி ஓர் அகராதி வெளியிட்டார். பாட்டெழுதுவோர் இன்றுவரை நன்றியோடு நினைக்கும் நூல் அது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நம் மண்டல புருடரோ, சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதியில் ஒருசொற் பல்பொருட் பெயர்களைக் ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின்படி ஏற்கெனவே அடுக்கிவைத்திருந்தார். இதைச் சொன்னால் ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்!

இவ்விரு மரபுகளும் புலவர் அவையில் அல்லாமல், படிப்பறிவு மறுக்கப்பட்ட மனிதர்களின் வாயில் சந்தித்துக்கொண்ட இடம் இலங்கையின் தோட்டங்கள். மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைப்பது நம் வழக்கம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்கள், அதாவது எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகள், அந்தப் பேச்சில் ஓரமாகவே நிற்கும். சிங்களக் கிராமங்களுக்கு இடையே தீவுகள்போல் கிடக்கும் இத்தோட்டங்களில் தேயிலைக்கு நிகராக இறப்பரும் உண்டு. எட்டியாந்தோட்டை என்ற பெயரே ஒரு வேடிக்கை. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் ஆற்றுத்துறை. நம்மவர் காதில் அது தோட்டமாகவே விழுந்தது.

விடியற்காலையில் தப்போசை கேட்டதும் ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவார்கள். துரைமார் இதனை இராணுவப் பாணியில் 'பரேட்' என்றனர். அது பிரட்டு ஆயிற்று. பேச்சில் பெரட்டு. மொழி சிதைந்துவிட்டதாக இதைக் கொள்வோர் உண்டு. நான் அவ்வாறு கொள்வதில்லை. சொல் பிரட்டு ஆன கணமே அதற்குத் தமிழில் உறவுக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்: விரட்டு, மிரட்டு, புரட்டு, திரட்டு. பேச்சு வழக்கில் பெரட்டு, வெரட்டு, மெரட்டு என்று ஓசை இன்னும் நெருங்கும். 'பரேட்'டுக்கு ஆங்கிலம் தரும் துணைச்சொற்களில் ஒன்று, கூலி கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் 'பெய்ட்'. தமிழ் தருவதோ விரட்டும் மிரட்டும். எந்த நிகண்டும் கற்பிக்காமலேயே, களத்தில் நின்றவர்களுக்குப் பொருத்தமான எதுகை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

மற்றச் சொற்களும் இப்படித்தான். கண்டக்டர் கண்டாக்கு ஆனார். தண்டம், சண்டை, மண்டை எல்லாம் அவருக்குப் பின்னால் வந்து நின்றன. 'லைன்' லயன் ஆகி, லயம் ஆயிற்று. 10 அடிக்கு 12 அடி அறைகளின் வரிசைக்கு இசையின் தாளப் பெயர் வாய்த்தது. எதிர்த்திசையில் சென்ற சொல்லும் உண்டு: துண்டு. கங்காணியின் கடனைத் தீர்த்தால் அவனது ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு அது. ஒரு தோட்டத்துக் கடன் மறு தோட்டத்துக்கு மாறும்; கடனோடு மனிதர்களும் மாறுவார்கள். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆங்கில ஆவணங்களில் அச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் தமிழாகவே நிற்கிறது.

இறப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரகரமும் றகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா. ஆகவே இலங்கைப் பாடநூல்களும் அரசுப் பதிவுகளும் முன்னே ஓர் இகரம் சேர்த்து 'இறப்பர்' என்றே எழுதுகின்றன. இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் பிறப்பர், சிறப்பர் என்ற வினைமுற்றுகளின் வரிசையில் வைத்துப் படித்துப் பாருங்கள்; 'சாவார்கள்' என்றாகிவிடும். விடியுமுன் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டும் பெண்கள் உள்ள நாட்டில், இலக்கணம் இப்படியொரு சிலேடையைச் செய்திருக்க வேண்டாம்.

துரைமாருக்கும் தமிழ் தேவைப்பட்டது. 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே அவர்களுக்குக் கைநூல் வந்தது. இந்த வரலாற்றை அறிய விரும்புவோர் மு. நித்தியானந்தன் 2014இல் அதே தலைப்பில் வெளியிட்ட ஆய்வு நூலைத் தேடிப் படிக்க வேண்டும். 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பற்றியும் அதில் அறியலாம்.

தோட்டத்திலிருந்தே எழுந்த ஆங்கிலக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, 1954இல் வெளியான தம் தேயிலைத் தோட்டக் கவிதையில் ஆங்கில ஈற்றொலிச் சொற்களைத் தேடி அலையவில்லை. அதைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கியபோது மோனையும் எதுகையும் வந்து நிறைந்தன. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று சிலர் குறை சொல்லக்கூடும். எனக்கோ, வேலுப்பிள்ளை சிறுவயதில் கேட்ட ஓசை சுற்றிக்கொண்டு வீடு திரும்பியதாகவே படுகிறது. தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கியவரும் அவரே.

சப்ரகமுவையில் மூன்றாவது ஒரு மரபும் உண்டு. சிங்கள நாட்டார் கவியில் நான்கு அடிகளும் ஒரே ஓசையில் முடியும். ஆங்கிலத்தைப் போல் அதுவும் வாலைப் பார்ப்பதுதான். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கணக்கிடப்பட்டவர்கள் 5,25,000 பேர். அவர்களில் இப்பகுதியினரும் இருந்தனர். 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் தாக்கப்பட்டபின் வன்னிக்கு ஓடியவர்கள் வேறு. எஞ்சிய குடும்பங்கள் பலவற்றில், அருகே தமிழில் உயர்வகுப்பு இல்லாத காரணத்தால் பிள்ளைகள் சிங்கள மொழியிலேயே படிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பிழைக்க வேண்டுமே!

சில ஆண்டுகளுக்கு முன் தெரணியகலைப் பக்கம் ஒரு லயத்தில் அத்தகைய சிறுமி ஒருத்தி ஆங்கிலப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொடுத்த சொல்லுக்கு ஒலி இயைந்த சொல் எழுத வேண்டும். 'கிங்' என்பதற்கு 'ரிங்', 'சிங்' என்று எழுதிவிட்டாள். இச்சொற்களில் ஆங்கில விதியும் தமிழ் விதியும் ஒத்துப்போவதால் சிக்கல் இல்லை. அடுத்த சொல் 'பரேட்'. பென்சிலைக் கடித்தபடி, "அப்பாயி, பரேட்டுக்கு என்ன வரும்?" என்றாள். பால் வெட்டி ஓய்வுபெற்ற அந்த மூதாட்டி முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பெரட்டுக்கா? வெரட்டு, மெரட்டு" என்றார். சிறுமி சிரித்துவிட்டு, ஏட்டில் 'ஷேட்' என்று எழுதிக்கொண்டாள்.