பாகீரதிக் கரையின் மாளிகைகள்: முர்ஷிதாபாத் சொல்லும் பாடம்



மேற்கு வங்காளத்தில், கங்கையிலிருந்து பிரியும் பாகீரதி நதியின் கரையில் முர்ஷிதாபாத் என்னும் ஊர் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய மூன்று மாகாணங்களின் அதிகாரமும் இவ்வூரில்தான் குவிந்திருந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் நவாபுகளும் வணிகர்களும் மாளிகைகளை எழுப்பினர். அவற்றுள் எவை நிலைத்தன, எவை அழிந்தன என்று பார்த்தால் நமக்கு ஒரு பெரும் படிப்பினை கிடைக்கும்.

படிக்கட்டின் கீழ் ஒரு கபர்

ஊருக்குப் பெயர் தந்தவர் முர்ஷித் குலி கான். தக்காணத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஹாஜி ஷஃபி என்னும் பாரசீகரிடம் இஸ்லாமியராக வளர்ந்தவர் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஔரங்கசீப்பின் திவானாக இருந்த அவர், 1704-ஆம் ஆண்டு வாக்கில் தம் அலுவலகத்தை டாக்காவிலிருந்து இங்கு மாற்றினார். 1717-இல் வங்காளத்தின் நவாபானார். வரி வசூலில் மிகக் கடுமையானவர். ஜமீன்தார்கள் அவரைக் கண்டு அஞ்சினர். அதே மனிதர் தம் கையாலேயே குர்ஆனைப் பிரதி எடுத்து வந்ததாகவும் வரலாறு பதிவு செய்கிறது.

அவர் வாழ்ந்த 'நாற்பது தூண்' அரண்மனை இன்று இல்லை. முதுமையில் அவர் கட்டிய கட்ரா பள்ளிவாசல் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி இரண்டு அடுக்குகளாக அமைந்த சிற்றறைகளில் குர்ஆன் ஓதுவோரும் மாணவர்களும் தங்கினர். 1897-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் குவிமாடங்கள் சரிந்தன. ஆயினும் நுழைவாயிலின் படிக்கட்டுக்குக் கீழே முர்ஷித் குலி கானின் கபர் இன்றும் உள்ளது. தொழ வருவோரின் பாதங்கள் தம் மீது கடந்து செல்ல வேண்டும் என்பது அவரது விருப்பம். மூன்று மாகாணங்களை நடுங்கவைத்தவர், தம் ரப்பின் முன் தம்மை எங்கே வைத்துக்கொண்டார் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

துரோகியின் வாசல்

நவாப் அலிவர்தி கானின் பேரர் சிராஜுத் தௌலா, ஆற்றின் மேற்குக் கரையில் ஹீராஜீல் மாளிகையைக் கட்டினார். அதை பாகீரதியே விழுங்கிவிட்டது. பேரரசர்களுக்கே கடன் கொடுத்த ஜகத் சேட்டின் பழைய இல்லமும் ஆற்றோடு போயிற்று.

ஜாஃபர்கஞ்சில் தளபதி மீர் ஜாஃபரின் மாளிகை இருந்தது. 1757 ஜூன் மாதம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வாட்ஸ் என்பவர், பெண்கள் செல்லும் மூடுபல்லக்கில் மறைந்து அங்கே வந்தார். கம்பெனியுடன் செய்துகொண்ட இரகசிய ஒப்பந்தத்திற்கு, குர்ஆனைச் சாட்சியாக்கி மீர் ஜாஃபர் சத்தியம் செய்தார். கம்பெனிக்கு மட்டும் 1 கோடி ரூபாய் தருவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அல்லாஹ்வின் வேதம் துரோகத்துக்குப் பிணையாக்கப்பட்டது!

ஜூன் 23 அன்று பிளாசியில், சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்றிருந்த கிளைவின் முன், மீர் ஜாஃபரின் படை அசையாமல் நின்றது. ஜூலை 2-இல் சிராஜ் கொல்லப்பட்டார். நவாபாக்கப்பட்ட மீர் ஜாஃபரைக் கம்பெனியே 1760-இல் இறக்கியது. 1763-இல் மீண்டும் ஏற்றியது. மக்கள் அவரது மாளிகைக்கு இட்ட பெயர் 'நமக் ஹராம் தேவ்டி', உப்பிட்டவருக்குத் துரோகம் செய்தவனின் வாசல். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னதை மறந்தவனின் முகவரி அதுவே. கட்டடம் பாழடைந்தும் அந்தப் பெயர் பாழடையவில்லை.

மேற்குக் கரையின் குஷ்பாக் தோட்டத்தில், பாட்டனாரின் அருகே சிராஜின் எளிய கபர் உள்ளது. அவரது மனைவி லுத்ஃபுன்னிஸா பல்லாண்டுகள் அதைப் பராமரித்து, தாமும் அங்கேயே அடங்கினார்.

ஆயிரம் வாசல்கள்

இன்று பயணிகள் திரளாகக் காணவருவது ஹஸார்துவாரி, ஆயிரம் வாசல் அரண்மனையை. நவாப் ஹுமாயூன் ஜா காலத்தில் 1829-இல் தொடங்கி 1837-இல் முடிக்கப்பட்டது. அதன் 1000 வாசல்களில் 100 பொய்யானவை. சுவரில் வாசல் போல அமைக்கப்பட்டவை. கவனியுங்கள்: வரி வசூலிக்கும் உரிமை 1765-இலேயே கம்பெனியிடம் போய்விட்டது, 1772-இல் கருவூலமும் கல்கத்தாவுக்கு மாறிவிட்டது. ஆட்சி கையிலிருந்தபோது எழாத பேரரண்மனை, ஆட்சி போன பின் எழுந்தது. அடுத்த நவாப் மன்ஸூர் அலி கான் கடன் சுமையில் மூழ்கி, 1880-இல் பதவியைத் துறந்தார். அரண்மனை இன்று அருங்காட்சியகம்.

நமக்குள்ள பாடம்

பிர்அவ்னின் கூட்டத்தார் விட்டுச்சென்ற தோட்டங்களையும் ஊற்றுகளையும் உயர்ந்த இருப்பிடங்களையும் குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது. வீடு கட்டுவது பாவமன்று. நல்ல இல்லம் அல்லாஹ்வின் நிஅமத். ஆனால் எந்தப் பணத்தால் கட்டினோம், யாருடைய உரிமையைப் பறித்துக் கட்டினோம், கொடுத்த வாக்கைக் காத்தோமா என்பவை கட்டடத்தைவிட நெடுங்காலம் நிற்கும்.

நம் ஊர்களிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் உண்டு. சகோதரிகளுக்குரிய பாகத்தைக் கொடுக்காமல் அடைத்துவைத்த வாசல்களும் அவற்றில் உண்டு. பாகப்பிரிவினையை இன்றே நீதியுடன் முடிப்போம். இயன்றவர்கள் ஒரு பகுதியை மதரஸாவுக்கோ ஏழை மாணவர் தங்குவதற்கோ வக்ஃபு செய்வோம். மனிதன் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா அது.

நம் வீட்டைப் பிற்காலத்தார் நல்ல பெயரால் அழைக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.