மூன்று மணி நேரம்



‘ருஸ்தம்’ படம் பார்த்தவர்களுக்கு நானாவதி வழக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். காதல், துரோகம், வெள்ளைச் சீருடை என்று படம் போய்விடும். எனக்கு அந்த வழக்கில் பிடித்தது வேறு. ஒருவன் மனதில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் நானாவதியிடம் மனைவி சில்வியா மதிய வேளையில் உண்மையைச் சொல்கிறார்: பிரேம் அகுஜாவோடு தனக்கு உறவு உண்டு. நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் அழைத்துப்போய் சினிமா கொட்டகையில் இறக்கிவிட்டு, 6 மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்கிறார். பிறகு தன் கப்பலுக்குப் போகிறார். இரவில் தனியாக அகமத்நகர் போகிறேன் என்று பொய் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்குகிறார். அதை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு அகுஜாவின் அலுவலகத்துக்குப் போகிறார். ஆள் இல்லை. வீட்டுக்குப் போகிறார். படுக்கையறையில் அகுஜா சுடப்பட்டு இறக்கிறார்.

“நீ அவளைக் கல்யாணம் செய்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்கத்தான் போனேன்; இழுபறியில் துப்பாக்கி வெடித்தது” என்பது நானாவதி தரப்பு. ஆனால் குளித்துவிட்டு வந்திருந்த அகுஜாவின் இடுப்பில் துண்டு கட்டியபடியே இருந்தது. கட்டிப் புரண்டிருந்தால் துண்டு நின்றிருக்குமா?

விபத்து இல்லையென்றால் ஆத்திரம் என்றது அதே தரப்பின் மாற்று வாதம். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து செய்தால் அது கொலைக்குற்றம் ஆகாது என்று அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஜூரியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் குற்றவாளி அல்ல என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பாராவ் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டை விட்டுக் கிளம்பியது பகல் ஒன்றரை மணி. சுட்டது 4.20. ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆத்திரம் தணிய அது போதும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: அந்த மனிதர் மனைவி, குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்திருக்கிறார், அப்படியானால் நிதானத்துக்கு வந்துவிட்டார். நாம் நல்ல குணம் என்று நினைக்கும் அந்தக் கவலையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! எனக்கு இது இன்றும் உறுத்தும். ஆனால் யோசித்துப் பார்த்தால் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. அந்த எட்டுப் பேர் ஏமாற்றப்பட்ட கணவனைப் பார்த்தார்கள். சட்டம் கேட்டது, 4.20-க்கு அவர் மனம் எப்படி இருந்தது என்பதை.

1964-இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார். நானாவதி குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தார்.