கைகாட்டி மரம் சொல்லும் பாடம்



நம் ஏரியூருக்கு ரயில் கிடையாது. மேட்டூருக்கோ தருமபுரிக்கோ மொரப்பூருக்கோ போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். ஆனாலும் "வண்டி அவுட்டர்ல நிக்குது" என்று போனில் சொல்லாதவர் நம்மில் யார்? அந்த 'அவுட்டர்' என்பது ஒரு கைகாட்டி மரத்தின் பெயர். அதன் கதையை இன்று எழுதுகிறேன்.

இப்போது பெரும்பாலும் விளக்கு சிக்னல்தான். முன்பு தண்டவாளத்தின் ஓரம் உயரமான கம்பம் நிற்கும். அதன் உச்சியில் சிவப்புப் பலகை, நுனிப்பக்கம் வெள்ளைப் பட்டை. ஆங்கிலத்தில் இது செமாஃபோர். நம் மக்கள் பார்த்தவுடனே 'கைகாட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கை நேராக நீண்டிருந்தால் 'நில்'. கீழே சாய்ந்திருந்தால் 'போ'. இரவுக்கு, கையோடு சேர்ந்த சட்டத்தில் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளும் அவற்றின் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கும் இருக்கும். கை அசைந்தால் விளக்கின் முன் உள்ள கண்ணாடியும் மாறும்.

ஸ்டேஷனுக்கு வரும் வண்டியை முதலில் நிறுத்தும் கை அவுட்டர். அடுத்தது ஹோம். ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப அனுமதி தருவது ஸ்டார்ட்டர். நுனி மீன்வால் போலப் பிளந்திருந்தால் அது எச்சரிக்கைக் கை. அது நேராக இருந்தாலும் வண்டி அதைத் தாண்டலாம். ஆனால் முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று தயாராக வர வேண்டும்.

1840களில் இங்கிலாந்து ரயில் பாதைகளில் இந்தக் கைகள் வந்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. சில ஆண்டுகளில் அந்தப் பாதை ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலத்தை எட்டியது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பல பாதைகளில் கை எப்போதும் 'போ' என்றே இருக்கும். ஆபத்து என்றால்தான் 'நில்' காட்டுவார்கள். 1876 ஜனவரி 21 அன்று ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனி. சிக்னல்காரர் நெம்புகோலை 'நில்' நிலைக்குத் தள்ளியும், உறைபனியில் சிக்கிய கை அசையவில்லை. பாதை காலி என்று நம்பி வந்த எக்ஸ்பிரஸ், முன்னால் இருந்த நிலக்கரி வண்டியில் மோதியது. எதிர்த்திசையில் வந்த இன்னொரு எக்ஸ்பிரஸும் அந்தச் சிதைவில் மோதியது.

அதன்பிறகு வழக்கம் தலைகீழானது. கை எப்போதும் 'நில்' என்றே இருக்கட்டும், பாதை சரி என்று உறுதியானால் மட்டும் 'போ' காட்டட்டும் என்றார்கள். கேபினில் உள்ள நெம்புகோலிலிருந்து கப்பிகளின் மேல் ஓடும் கம்பிதான் கையை இழுக்கும். அந்தக் கம்பி அறுந்தால், எதிர் எடை கையைத் தானாகவே 'நில்' நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கோளாறு வந்தால் வண்டி தாமதமாகும், ஆள் சாகக் கூடாது. இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

இன்னொரு காவலும் உண்டு. தண்டவாளம் கிளை பிரியும் இடம் சரியாகத் திரும்பிப் பூட்டப்படாமல் அந்தப் பாதைக்கான சிக்னல் நெம்புகோலை இழுக்கவே முடியாது. அடியில் இரும்புக் கட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதை இன்டர்லாக்கிங் என்பார்கள்.

இந்த வேலையை இப்போது மின்சுற்றுகள் செய்கின்றன. 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பாலசோர் அருகே நேர்ப்பாதைக்குப் பச்சை விழுந்தது. ஆனால் தண்டவாளம் கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் வயர்களை மாற்றி இணைத்த தவறு விசாரணையில் தெரியவந்தது. கருவி எவ்வளவு புதியதானாலும், பழைய விதியை மீறினால் விலை உயிர்தான்.

உங்களில் சிலர் ரயில்வேயில் இருக்கிறீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டே போக முடிவது, யாரோ ஒருவர் ஒரு வயரை இரண்டு முறை சரிபார்ப்பதால்தான். சந்தேகம் வந்தால் 'நில்' காட்டுங்கள். வண்டி ஏன் தாமதம் என்று யார் கோபித்தாலும் கவலைப்படாதீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி அவுட்டரில் நின்றால் திட்டாதீர்கள். அது உங்களைக் காக்கத்தான் நிற்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
ஏரியூர்