முப்புரிச் சுருளும் விலக்கப்பட்ட கோணங்களும்: கிண்டியில் பிறந்த ஓர் இலக்கணம்

பலபடி என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர்க்கு நெகிழியே நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைக் கடந்ததும் தொடங்கும் ஸ்ரீ சிட்டி போன்ற தொழில் நகரங்களில் பலபடி என்பது அன்றாட மூலப்பொருள். அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கிண்டியிலோ, எழுபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பலபடி ஆராயப்பட்டது. அது எந்த ஆலையிலும் செய்யப்பட்டதன்று. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இயற்கை நெய்துவைத்த கொலாஜன் என்னும் புரதம் அது. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி என்பதால் புரதமும் பலபடியே.

இந்த ஆய்வின் கதை தமிழில் பெரும்பாலும் ஒரே தொனியில் சொல்லப்படுகிறது. சென்னையில் கண்டதை மேலைநாட்டார் தமதாக்கிக்கொண்டனர், நோபல் பரிசு கைநழுவியது என்பதே அத்தொனி. நிகழ்ந்ததை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், அந்த ஆதங்கத்தைவிடப் பயனுள்ள ஒன்று புலப்படுகிறது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது இருபத்தொன்பது. பெங்களூரில் சி. வி. ராமனிடமும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் படிகவியல் பயின்றவர் அவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் புதிய துறைக்கு வேண்டிய ஆதரவை அளித்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று எடுத்துச் சொன்னார். ஆய்வுப் பொருள் பக்கத்திலேயே கிடைத்தது. 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அண்டை. இழைகள் சீராக அடுக்கப்பட்ட கங்காரு வால் தசைநாண் அங்கிருந்து பெறப்பட்டது. ராமச்சந்திரனுடன் இப்பணியில் இணைந்தவர் கோபிநாத் கர்த்தா.

புதிர் எளிதன்று. நல்ல படிகம் ஒன்றின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் ஏராளமான புள்ளிகள் பதிவாகும். அவற்றிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடலாம். இழையோ மங்கலான சில தடங்களையே தரும். அச்சின் வழியே ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அத்தடங்கள் காட்டின. அதற்கு மேல் மாதிரி செய்து பார்ப்பதே வழி. 1951இல் ஆல்பா சுருளைக் கண்டறிந்த லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் அதே ஆண்டில் கொலாஜனுக்கு முன்மொழிந்த அமைப்பு பொருந்தாமற்போயிற்று.

கிண்டியில் துணைபுரிந்தது வேதியியல் தரவு. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களின் முழு வரிசை அறியப்படாத காலம் அது. எனினும், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் அமர்ந்திருக்க வேண்டும் என்று அவ்விருவரும் உய்த்துணர்ந்தனர். கிளைசினின் பக்கத்தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்கையில் நடுவில் வேறு எதற்கும் இடமிராது. இந்த முச்சங்கிலி அமைப்பு 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1955 செப்டம்பரில் அது திருத்தப்பட்டது. இடஞ்சுழியாக முறுக்கிய மூன்று சங்கிலிகளும் பொது அச்சைச் சுற்றி வலஞ்சுழியாக மீண்டும் பின்னிக்கொள்கின்றன என்பது திருத்தம். கயிறு திரிப்போர் அறிந்த நுட்பம் இது: புரிகளை ஒரு திசையில் முறுக்கி எதிர்த்திசையில் சேர்த்தால் கயிறு பிரியாது.

இரண்டே மாதங்களில், 1955 நவம்பரில், கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தம் கொலாஜன் அமைப்பை அதே இதழில் வெளியிட்டனர். முப்புரி என்ற அடிப்படையை அவர்களும் கொண்டிருந்தனர். சென்னை மாதிரியின் இரு கூறுகளை அவர்கள் மறுத்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் குழு கூறியிருந்தது. ஒன்றுக்கு மேல் இயலாது என்றனர் அவர்கள். மேலும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஏற்க இயலாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றும் சுட்டினர். கிரிக் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை வெளியிட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய மறுப்புக்கு இருந்த எடையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதங்கக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அறிவியல் கதையோ இங்கேதான் தொடங்குகிறது. அணுக்கள் 'மிக நெருங்கி' நிற்கின்றன என்றால், எவ்வளவு நெருங்கலாம்? பிணைக்கப்படாத இரண்டு அணுக்களுக்கு இடையே குறைந்தபட்சத் தொலைவு எது என்பதற்குப் புரதங்களைப் பொறுத்தவரை அனைவரும் ஒப்பிய அளவுகோல் அப்போது இல்லை. மறுத்தவர்களிடமும் இருந்தது ஒரு மதிப்பீடே. ராமச்சந்திரன் குழு வாதத்தைத் தள்ளிவைத்து அளவுகோலைத் தேடிச் சென்றது. அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுப் படிகங்கள் ஆகியவற்றின் அமைப்புகளிலிருந்து அணுத் தொலைவுகள் திரட்டப்பட்டன. ஒவ்வோர் அணு இணைக்கும் இயல்பான எல்லை ஒன்றும், அரிதாகத் தாண்டக்கூடிய இறுதி எல்லை ஒன்றும் வரையறுக்கப்பட்டன. பொதுவாக நம்பப்பட்டதைவிடச் சற்றுக் குறைந்த தொலைவுகளும் இயற்கையில் உள்ளன என்பது அப்போது தெரியவந்தது.

அடுத்த அடியே பெரிய அடி. அளவுகோல் கையில் இருக்கும்போது அதைக் கொலாஜனுக்கு மட்டும் ஏன் பயன்படுத்த வேண்டும்? பெப்டைடுப் பிணைப்பு ஒரு தளத்தில் விறைப்பாக நிற்பது என்பதைப் பாலிங் முன்பே நிறுவியிருந்தார். ஆகவே சங்கிலியின் முதுகெலும்பு ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரண்டே இடங்களில் சுழல முடியும். அந்த இரு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இரு கோணங்களையும் 360 பாகை முழுவதும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதனோடு மோதுகிறது என்று கணக்கிட்டால் விடை ஒரு சதுரத் தாளில் அடங்கிவிடும். சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் மேசைக் கணக்குப் பொறியின் துணையோடு இப்பெரும் உழைப்பில் ஈடுபட்டனர். மூவர் பெயரிலும் 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி' இதழில் கட்டுரை வெளியாயிற்று. இன்று உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுவது அதுவே.

வரைபடத்தின் பெரும்பரப்பு வெறுமை. சங்கிலி ஏற்கக்கூடிய கோணங்கள் சில தீவுகளாக மட்டும் நிற்கின்றன. ஆல்பா சுருள் ஒரு தீவில், பீட்டா மடிப்பும் கொலாஜனும் மற்றொன்றில். சிறிய கிளைசினுக்கு நிலப்பரப்பு மிகுதி. வளையத்தால் கட்டுண்ட புரோலினுக்குக் குறைவு.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்த முறை புதிதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரம் மெய்ம்மயக்கத்தைக் கூறும்போது இதே வழியைக் கையாள்கிறது. ககர மெய்யை அடுத்துக் ககரமே வரும். ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் மயங்கா. இவ்விதிகள் மொழியில் என்னென்ன சொற்கள் உண்டு என்று சொல்வதில்லை. எவை சொல்லாக இயலாது என்று வரையறுக்கின்றன. ராமச்சந்திரன் வரைபடமும் எந்தப் புரதத்தின் வடிவத்தையும் நேராகக் கூறாது. எந்த வடிவம் இயலாது என்று கூறும். ஒப்புமை முறையளவில்தான்: மெய்ம்மயக்கத்தின் எல்லை மொழிக்கு மொழி மாறும்; அணுக்களின் எல்லை எந்த நாட்டு ஆய்வகத்திலும் மாறாது.

1963இல் அணு அளவில் அறியப்பட்டிருந்த புரதம் மயோகுளோபின் போன்ற ஓரிரண்டே. பின்னர் அமைப்பு கண்டறியப்பட்ட ஆயிரக்கணக்கான புரதங்களில், சில விலக்குகள் நீங்கலாக, கோணங்கள் அத்தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. இன்று புதிய புரத அமைப்பொன்றை வெளியிடுவோர் முதலில் செய்யும் சோதனைகளுள் ஒன்று அதை இவ்வரைபடத்தில் இட்டுப் பார்ப்பது. புள்ளிகள் விலக்கப்பட்ட பகுதியில் சிதறினால், பிழை பெரும்பாலும் அமைப்பைக் கணித்ததில்தான்.

கொலாஜன் வழக்கின் தீர்ப்பு 1994இல் வந்தது. கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பை ஹெலன் பெர்மன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பின்னிய முப்புரி உறுதியாயிற்று. மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்பதும் உறுதியாயிற்று. அந்தப் புள்ளியில் ரிச்சும் கிரிக்கும் கூறியதே சரி. நீர் மூலக்கூறுகள் வழியாகவும் சங்கிலிகள் பிணைவது அதில் தெரிந்தது; நீர்வழிப் பிணைப்பை ராமச்சந்திரன் 1968இலேயே ஆர். சந்திரசேகரனுடன் முன்மொழிந்திருந்தார்.

ஆக, கிண்டியின் முப்புரி நிலைத்தது, அதன் இரண்டாம் பிணைப்பு நிலைக்கவில்லை. முழு வெற்றி என்றோ முழு அநீதி என்றோ இதை எழுதினால், 1955 நவம்பருக்கும் 1963க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டு உழைப்பு மறைந்துபோகும். மறுப்புரை ஒன்றை வசையாகக் கொள்ளாமல், விடையில்லாத கேள்வியாகப் படித்த எட்டு ஆண்டுகள் அவை. தம் ஆய்வேட்டின் மேல் கடுமையான மதிப்புரை பெறும் மாணவர்க்குப் பரிசு பற்றிய ஏக்கத்தைவிட அந்த எட்டு ஆண்டுகளே பயன்தரும்.